மசியாத நோயாளி

"சளி குடுக்க மாட்டேன்னா மாட்டேன்தான்! என்னா பண்ணுவே? கையைக் காலைக் கட்டித் தூக்கிக்கினு போவியா?"

இளவரசி போட்ட சத்தத்தில் முசரவாக்கம் சமுதாயக்கூடமே சிரித்தது. சுகாதாரத் தன்னார்வலர் பயிற்சியின் கடைசி நாள் அது. மின்சாரம் காலையிலேயே கைவிட்டுவிட்டதால் திரையில் படம் காட்ட வழியில்லை. "படம் போனா என்ன, நாடகம் போடுவோம்" என்று சொல்லிவிட்டார், காஞ்சிபுரத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த புவனேஸ்வரி.

இளவரசி போன வருடமே பயிற்சி முடித்து வேலை பார்ப்பவள். இன்றைக்கு உதவிக்கு வந்திருந்தாள். "டிபி சந்தேகம் இருக்குது, ஆனா டெஸ்ட்டுக்கு வர மாட்டேன்னு அடம்புடிக்கிற பெரியம்மாவா நான் உக்கார்றேன் மேடம்" என்று அவளே முன்வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எதிரில் தன்னார்வலராக யார் என்று கேட்டபோது, பயிற்சிக்கு வந்திருந்த கமலவேணியைக் கைகாட்டியவளும் அவள்தான்.

நோயாளி சம்மதித்தால் சான்றிதழும் மருந்துப் பையும் இன்றே கையில். இல்லையென்றால் அடுத்த பயிற்சிவரை காத்திருக்க வேண்டும். கமலவேணியோ, இனி யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தன்னிடம்தான் வர வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வெறுங்கையோடு திரும்பினால் பால்காரன்கூடச் சிரிப்பான். குரல் கம்மிவிடக் கூடாது என்று சொல்லிக் காலையிலிருந்தே வாயில் அடக்கியிருந்த சித்தரத்தையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

"இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம்" என்று அவள் ஆரம்பித்ததும், இளவரசி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள்.

"ஒப்பிக்காதீங்கம்மா," என்றார் புவனேஸ்வரி. "வீட்ல பேசற மாதிரி பேசுங்க."

கமலவேணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஏன் பெரியம்மா, இத்தினி நாளா இருமிக்கினு இருக்கிறியே, என்னா ஏதுன்னு பாக்க வாணாமா?"

"இது பட்டுத் தூசி இருமல்மா. தறிக்காரி இருமாம தாசில்தார் பொண்டாட்டியா இருமுவா?"

மறுபடியும் சிரிப்பு. கமலவேணிக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு வாயா?

"தூசின்னா தறியை விட்டு எழுந்ததும் அடங்கணும். கருட சேவைக்குத் தறி நிறுத்தினீங்களே, அப்ப நின்னுச்சா?"

"நிக்கல," என்று முனகினாள் இளவரசி. உடனே அடுத்த சாக்கு. "நான்தான் ஆடாதோடை கஷாயம் வெச்சிக் குடிக்கிறேனே?"

"குடி, யாரு வாணாங்கிறா? கஷாயம் தொண்டைக்கு எதமா இருக்கும். உள்ள இருக்கிற கிருமி சாவுமா?"

"தறியில முகூர்த்தப் புடவை இருக்குது. வெள்ளிக்கிழமை அறுத்துக் குடுக்கணும். நான் போய் ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அதை யாரு நெய்வா?"

"நீ ஏன் நிக்கணும்? டப்பா வீட்டுக்கே வரும். காலையில எழுந்து வாயைக் கொப்புளிச்சிட்டு, வெளிய காத்தாட நின்னு, நெஞ்சிலேர்ந்து நல்லா இருமித் துப்பு. எடுத்துக்கினு போறது என் வேலை."

"வெளிய தெரிஞ்சா? என் கையால நெய்ஞ்ச புடவையை எவ கட்டுவா?"

"புடவையில ஒட்டிக்கினு போற நோயா இது? இருமுற காத்துல பரவுறது. மாத்திரையை ஒழுங்கா முழுங்கினா குணமாயிடும். அதுவுமில்லாம, நான் எதுக்கு வெளிய சொல்லப் போறேன்?"

பதில்கள் தானாக வந்து விழுந்தன. இந்தச் சாக்குகளின் நெளிவு சுளிவெல்லாம் கமலவேணிக்கு அத்துப்படி; எந்த முடிச்சை எங்கே பிடித்து இழுத்தால் அவிழும் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் இளவரசி மசிகிற வழியாக இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, டிபியாவே இருக்கட்டும். வயசானவ, இருந்துட்டுப் போறேன். என்னால வேற யாருக்கு என்னா கெட்டுப் போவுது?"

புவனேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமலவேணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருக்கா? உன் பேத்தி யாரு மடியில தூங்குது?"

"என் மடியிலதான்."

"காத்தடிச்சா தறியில பாவு நூலு காஞ்சி இழை அறுந்துடும்னு ஜன்னலையெல்லாம் சாத்தி வெச்சிக்கினு நெய்யிறோம். அந்த ரூமுக்குள்ளதான் நீ இருமுறே. அதே காத்தைத்தான் அந்தப் பச்சப் புள்ளயும் இழுக்குது. அதுக்கு ஒண்ணுன்னா தாங்குவியா? ஒரு டப்பாவுல துப்பறதுக்கு இவ்ளோ வீம்பா?"

இளவரசியின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நடித்தால் இப்படியல்லவா நடிக்க வேண்டும் என்று கமலவேணியே அசந்துபோனாள்.

"நாயம்தான்மா," என்றாள் இளவரசி மெதுவாக. "குடுத்துடறேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. "பாஸ்! இப்படிப் பேசினா எந்த நோயாளிதான் ஒத்துக்க மாட்டாங்க?" என்று சான்றிதழை நீட்டினார் புவனேஸ்வரி. கமலவேணிக்குத் தலைகால் புரியவில்லை. சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு இளவரசியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏண்டி, என்னையே இந்தப் பாடு படுத்திட்டியே! இவ்ளோ சாக்கும் எங்கேர்ந்துடி புடிச்சே?"

இளவரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த சளி டப்பாவை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"நம்ம வீட்லேர்ந்துதான் அத்தே. ஒரு மாசமா நீங்க என்கிட்ட சொல்லிக்கினு இருந்ததைத்தான் நான் இங்க சொன்னேன்; பதிலை நீங்களே சொல்லிட்டீங்க. காலையில மறக்காம குடுத்துடுங்க."

மருமகளுக்குச் சுடச்சுடப் பதில் சொல்ல வாயைத் திறந்த கமலவேணிக்கு, அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல்தான் வந்தது.