மற்றவனுக்கும் பந்து

மகள் சுகந்தியின் கலியாண நாளைக் குறித்த கையோடு, என் கணவரும் பிக்கரிங்கிலிருந்து வந்த சம்பந்தியும் ரீவியில் அமெரிக்க ஃபுட்போல் பார்க்க இருந்துவிட்டார்கள்.

"அப்பா, உங்களோடை ஒண்டு கதைக்க வேணும்..."

"பொறு பிள்ளை, ரெண்டு பக்கமும் சமன். ஓவர்டைம் போகுது."

காசு சுண்டி வென்ற அணி பந்தை எடுத்துப் புள்ளியும் போட்டது. அதோடு ஆட்டம் முடிந்தது.

இவர் துள்ளினார். "மற்றவன் பந்தைத் தொடவேயில்லை. உந்தச் சட்டத்தை மாத்த வேணும்."

"முதல் அடிச்சவன் வெண்டான். பிறகென்ன?" என்றார் சம்பந்தி.

"ரெண்டு பக்கத்துக்கும் சந்தர்ப்பம் குடுக்கிறதெல்லோ நியாயம்?"

ஒரு மணித்தியாலம் வாதாடி, சம்பந்தியை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார்.

சுகந்தி தேத்தண்ணியை வைத்தாள். "அப்ப எனக்கும் ஒருக்காச் சந்தர்ப்பம் தாங்கோ அப்பா. மாப்பிள்ளையைப் படத்திலைதான் பாத்தனான். விருப்பமோ எண்டு ஆரும் என்னைக் கேக்கேல்லை."

இவர் என்னை முறைத்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"அது விளையாட்டு, பிள்ளை. அதிலை நியாயம் வேணும். இது கலியாணம்."