ஒரு மார்க் கணக்கு

"வெரசா ஓட்டுங்கண்ணே! பொழுது சாயறதுக்குள்ள போடியில வீட்டுக்குப் போய்ச் சேரணும்."

"மாட்டுக்கு நாலு காலுதான் தம்பி இருக்கு" என்றான் வண்டிக்காரன் ஒச்சப்பன். "குரங்கணி அடிவாரத்துல வண்டி ஏறுனதுலருந்து இதையே சொல்லிக்கிட்டு வர்ற."

காசிமாயனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வண்டிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு, பின்னால் மலையைப் பார்த்தான். 1918-ஆம் வருஷத்து ஐப்பசி மழையில் மலையே தெரியவில்லை. மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் அவனுக்கு எழுத்தர் வேலை. விடிகாலையில் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டான். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். போகட்டும்!

"அப்படி என்னதான் அவசரம்?"

"விஷக் காய்ச்சல்ணே. முத நா மூணு பேரு படுத்தாங்க. மறுநா கணக்குல ஒம்பது. அப்புறம் இருவத்தேழு. நேத்து எம்பத்தொண்ணு. தெனமும் மூணு மடங்கு. எஸ்டேட்டுல மொத்தக் கூலியாளுக எரநூத்தி நாப்பத்திமூணு. மூணை அஞ்சு தடவை அடுக்கிப் பெருக்குனா அது வந்துரும். இன்னிக்கு அஞ்சாம் நா. சாயங்காலம் அங்க எந்திரிச்சு நிக்க ஒரு ஆளு இருக்காது."

"ஆத்தாடி!" ஒச்சப்பன் மாட்டின் வாலை முறுக்கினான். வண்டி குலுங்கிக்கொண்டு ஓடியது.

"பயந்துபோய் ஆளுக எறங்குவாங்க. காய்ச்சலும் கூடவே எறங்கும். அதுக்குள்ள பொண்டாட்டி புள்ளைய தேவாரம் ஊருல மாமனார் வீட்டுல கொண்டுபோய் விட்டுரணும். புள்ள பொறந்து அம்பது நாளாச்சு, இன்னும் மூஞ்சியப் பாக்கலண்ணே."

தொண்டையைச் செருமிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு வெள்ளி அரைஞாணை எடுத்துக் காட்டினான்.

"நல்லா இருக்கே. எங்க வாங்குன?"

"மதுரையில. போன வாரம் எஸ்டேட்டுக்குச் சாமான் எடுக்கப் போனேன். வர்ற வழியில வீட்ட எட்டிப் பாக்கக்கூட விடல. சாமானோட நேரா மேல ஏறச் சொல்லிட்டாரு துரை."

"இம்புட்டுக் கணக்குத் தெரிஞ்சவன், பெரிய உத்தியோகத்துக்குப் போயிருக்கலாமே தம்பி?"

ஆறாத புண்ணில் கை வைத்துவிட்டான் ஒச்சப்பன். காசிமாயனுக்குக் குரல் உயர்ந்தது.

"மெட்ரிக்குலேசன் பரீட்சையில ஒரே ஒரு மார்க்குல போச்சுண்ணே! இதே அடுக்குக் கணக்குதான். எல்லாம் சரியாப் போட்டேன். கடைசியா, மூணோட பூஜ்ய அடுக்கு என்னன்னு கேட்டுருந்தான். பூஜ்யம்னு எழுதுனேன். ஒண்ணுன்னு எழுதணுமாம்! யாருமே இல்லாத எடத்துல ஒண்ணு எங்கருந்து வரும்? பத்து வருசமா கேக்குறேன், ஒரு வாத்தியாரும் ஒழுங்காப் பதில் சொல்லல."

ஒச்சப்பன் கயிற்றைப் பிடித்தபடியே விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக வந்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி காசிமாயன் வீட்டு வாசலில் நின்றது. அவன் குதித்து இறங்கி, "ராமுத்தாயி! துணிமணியக் கட்டு, கெளம்பணும்!" என்று கூவினான்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றான் ஒச்சப்பன். "தெனமும் மூணு மடங்குன்னா, ஒருத்தன்கிட்டருந்து மூணு பேருக்கு ஒட்டுதுன்னுதான அர்த்தம்? அப்ப, முத நா படுத்த மூணு பேருக்கும் ஒட்டவச்ச அந்த ஒருத்தன் யாரு?"

"அப்படி யாரும் இல்லண்ணே. அதுக்கு முந்துன நா பூஜ்யம்தான், ஒருத்தரும் படுக்கல. நான்தான் மதுரையிலருந்து வந்து, சளியோட லேசா இருமிக்கிட்டு, அந்த மூணு பேரோட ஒரே ரூமுல..."



உள்ளிருந்து ராமுத்தாய் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "இந்தாங்க, மொதல்ல உங்க மகனைப் புடிங்க. அப்படியே உங்க மூக்கு!"

குழந்தையை வாங்க நீண்டிருந்த கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "கிட்ட வராத!" என்று அலறியபடி தெருவுக்குப் பின்வாங்கினான் காசிமாயன். பத்து வருஷமாக அவன் ஒப்புக்கொள்ளாத அந்த 'ஒன்று' அவனேதான்.