ஆயுள் மணம்

ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த சென்ட் கடையில், விற்பனைப் பெண்களுக்கு வாசனையை ஊசியாகவே போட்டார்கள். அதன்பின் வேர்வையே மணக்கும். ஆறு மாத ஊசியும் இருந்தது, ஆயுள் ஊசியும் இருந்தது. ஆயுள் ஊசிக்குத்தான் நிரந்தர வேலை. அவள் சந்தன மணத்தில் ஆயுள் ஊசியே போட்டுக்கொண்டாள்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். மார்பருகே கொண்டுபோனாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. கணவன் சேவியர் கடைக்கு ஓடினான்.

"அவ மேல இருக்க வாசனைய எடுத்துருங்க மேடம். புள்ள பால் குடிக்க மாட்டேங்குது."

"போகவே போகாதுன்னு சொல்லித்தான சார் போட்டோம்?" என்றார் மேலாளர்.

இப்போது சேவியர்தான் புட்டிப்பால் கொடுக்கிறான். குழந்தை குடித்து முடிக்கும்வரை ஜெசிந்தா வெளியே மாடிப்படியில், ரவிக்கை பாலில் நனைய நிற்கிறாள்.

"ஜெசி, காத்து உள்ள அடிக்குது. இன்னும் நாலு படி இறங்கிக்க."

அவள் இறங்கினாள்.