இழுக்கும் முன்

அவருடைய கை கண்ணில் இருக்கும்போது அந்த அறுவை அரங்கில் யாரும் பேசுவதில்லை.

எவரும் வகுத்துச் சொன்ன விதியல்ல. அறுவை செய்யும் கண் மருத்துவரான அவரும் பேசமாட்டார். உள்ளங்கை விரியும் விதத்திலேயே எந்தக் கருவி வேண்டுமெனச் செவிலியர் அறிந்துகொள்வார். அந்த மௌனத்தைக் காண்பதற்கென்றே வெளியூர் மாணவர்கள் வருவதுண்டு.

இதயத்துடிப்பைச் சொல்லும் மானிட்டரின் ஒலியும் ஒடுக்கப்பட்டிருந்தது. அருகில் நிற்கும் அவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு.

மயக்கம் கொடுக்கும் மருத்துவர் அவள். அந்த அரங்கில் அவளுக்குப் பெயர் இருந்ததில்லை. “அனஸ்தீசியா ரெடியா?” என்பார் அவர். அவ்வளவுதான்.

மேசையில் மாறுகண் கொண்ட ஒரு சிறுமி. பச்சைத் துணிக்கு வெளியே ஒரு கண் மட்டும்.

நான் தூங்கினாலும் நீங்கள் போய்விடக் கூடாது என்று அவளிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் அந்தச் சிறுமி தூங்கியிருந்தாள்.

கொக்கி கண்தசையின் அடியில் நுழைந்தது. இழுத்தது.

துடிப்பு தயங்கியது.

அவள் எதிர்பார்த்திருந்தாள். தசையை இழுத்தால் சில குழந்தைகளுக்கு இதயம் தளரும், விட்டால் மீளும். ஊசிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் முதலில் விட வேண்டியது அந்தக் கை.

உருப்பெருக்கிக் கண்ணாடியணிந்து குனிந்திருந்தவருக்குத் தெரிந்தது தசை மட்டுமே.

அடுத்த துடிப்பு வரவில்லை.

அவள் மானிட்டரின் ஒலியைக் கூட்டினாள். கூடும் மட்டும்.

அரங்கம் முழுக்க அந்தச் சிறுமியின் இதயம் கேட்டது.

ஒரு துடிப்பு.

பிறகு ஒன்றுமில்லை.

செவிலியரின் கை அந்தரத்தில் நின்றது.

கொக்கி தளர்ந்தது.

ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு, வெளியே விளையாடப் போயிருந்த குழந்தை வீட்டுக்கு ஓடி வருவதுபோல, அடுத்தடுத்து.

அவர் நிமிர்ந்தார். மானிட்டரைப் பார்த்தார். அதன் அருகில் நின்றவளைப் பார்த்தார்.

அவள் ஒலியைக் குறைக்கவில்லை. பார்வையைத் தாழ்த்தவும் இல்லை.

துடிப்பு சீராகும்வரை அவர் காத்திருந்தார். மீண்டும் குனிந்தார். கொக்கி தசையின் அடியில் நுழைந்து, அங்கேயே நின்றது.

அவருடைய கை கண்ணில்தான் இருந்தது.

“டாக்டர் ஜெசிந்தா, இழுக்கட்டுமா?”