சத்தம் போடும் வகுப்பு

"ஒரு வகுப்புப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல காது மந்தமாகுமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

பிள்ளைகளின் காதைப் பரிசோதிக்க வந்திருந்த ஆடியாலஜிஸ்ட் சிரித்தாள். "வாய்ப்பில்லை மேடம். ஏன் கேக்குறீங்க?"

"நீங்களே கேளுங்க."

தாழ்வாரத்தின் கோடியில் நாலாம் வகுப்பு 'பி' பிரிவில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. "உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொரு பிள்ளையும் போட்ட கூச்சல் இங்கே ஜன்னல் கண்ணாடியில் வந்து மோதியது.

"ரெண்டு மாசமா இப்படித்தான். தண்ணி குடிக்கப் போகணும்னாலும் கத்துதுங்க. பக்கத்து வகுப்புல பாடம் நடத்த முடியலை. விளையாட்டு நேரத்தையே ரத்து பண்ணிப் பார்த்துட்டேன், மசியலை. காதுல கோளாறுன்னா சொல்லுங்க, வைத்தியம் பார்ப்போம். இல்லேன்னா இது வெறும் திமிர். திங்கட்கிழமை வகுப்பைக் கலைச்சு, ஆளுக்கொரு பிரிவாப் பிரிச்சுப் போட்டுடுவேன்."

நூலக அறையில் காது சோதிக்கும் கருவியை வைத்துக்கொண்டு, ஆடியாலஜிஸ்ட் அந்த வகுப்பின் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்தாள். ஹெட்போனில் 'பீப்' கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கொசு பறப்பது போன்ற ஒலிக்கும் கைகள் டக்டக்கென்று உயர்ந்தன.

அவளை யோசிக்க வைத்தது இன்னொன்று. அந்த அறையில் ஒரு பிள்ளைகூடக் கத்தவில்லை. வாயாடி என்று பள்ளிக்கூடமே பட்டம் கட்டியிருந்த சிறுமி, "நல்லா இருக்கு மேடம், இன்னொரு வாட்டி வைங்க" என்று கிசுகிசுத்தாள்.

"இவ்வளவு மெதுவாப் பேசத் தெரியுதே. அப்புறம் ஏன் வகுப்புல கத்துறீங்க?"

வாயாடி உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் காது நல்லா இருக்கு மேடம்" என்று தலைமையாசிரியையிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்போ நான் நினைச்சதுதான்" என்றார் தலைமையாசிரியை. வகுப்பைக் கலைக்கிற உத்தரவை எழுதப் போய்விட்டார்.

விஷயம் தெரிந்து வகுப்பு டீச்சர் பதறிக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. தங்கமான பிள்ளைங்க. இந்தக் காலத்துல யார் வாயைத் திறந்து பேசுறாங்க? ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் முணுமுணுக்குறாங்க. வீட்டுல எங்க வீட்டுக்காரரும் பாதி வார்த்தையை மென்னு முழுங்குறார். என் பிள்ளைங்க மட்டும்தான் தெளிவாப் பேசுறாங்க."

கருவியை மூடப்போன ஆடியாலஜிஸ்டின் கை நின்றது.

"டீச்சர், ஒரு உதவி. நீங்களும் ஒரு தடவை இதுல உட்காருங்களேன்."

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக் காத்திருந்தார். ஒலிகள் போய்க்கொண்டே இருந்தன. கை அசையவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

ஆடியாலஜிஸ்ட் நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகம் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"டீச்சர், மெல்லிசான சத்தம் எதுவும் உங்க காதுல விழலை. குழந்தைங்க குரல் மாதிரி கீச்சுக் குரல்னா இன்னும் கஷ்டம்."

டீச்சரின் முகம் வெளுத்தது. "வேலை போயிடுமா?"

"ஏன் போகணும்? காதுக்குப் பின்னாடி சின்னதா ஒரு மெஷின். அவ்வளவுதான்."

"அது வயசானவங்க மாட்டுறதாச்சே."

"நேத்து ஒரு கைக்குழந்தைக்கு மாட்டிவிட்டேன் டீச்சர். அவங்க அம்மா கூப்பிட்டதும், பால் குடிக்கிறதை நிறுத்திட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. போன வாரம் ஒரு காலேஜ் பொண்ணு, முடியில மறைக்க மாட்டேன், சிவப்புலதான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கிட்டுப் போனா. உங்களுக்கு எந்தக் கலர்னு யோசிச்சு வைங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு எழுந்து, தானே நேராகத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

கதவுக்கு வெளியே வாயாடி நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்க டீச்சரைக் கண்டுபிடிச்சுட்டீங்களா?"

ஆடியாலஜிஸ்ட் குனிந்து அவள் உயரத்துக்கு வந்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒரு நாள் நாங்க ஒண்ணு கேட்டோம், டீச்சர் வேற என்னமோ பதில் சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம். அன்னிக்கு முழுக்க டீச்சர் முகமே சரியில்லை. அதுல இருந்துதான் சத்தமாப் பேசறோம்."

"இதைப் பெரிய மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே? விளையாட்டு நேரமாவது மிஞ்சியிருக்கும்."

"சொன்னா டீச்சரை அனுப்பிட்டாங்கன்னா?"

யாரும் யாரையும் அனுப்பவில்லை. வகுப்பும் கலையவில்லை. தலைமையாசிரியை மறுநாளே விளையாட்டு நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஏன் என்று சொல்லாமலே.

மெஷின் மாட்டிக்கொண்டு டீச்சர் முதல் முறை வகுப்புக்கு வந்த அன்று, அதன் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆடியாலஜிஸ்டும் கூட வந்திருந்தாள். பழக்க தோஷத்தில் பிள்ளைகள் "வணக்கம் டீச்சர்" என்று அலற, டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மெதுவா, மெதுவா. எல்லாம் கேக்குது."

வகுப்பு சட்டென்று அடங்கியது. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லுங்க. இத்தனை நாளும் எனக்காகத்தான் கத்தினீங்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயாடி எழுந்து நின்று, மெல்லிய குரலில் சொன்னாள்.

"இல்லை டீச்சர். அது சும்மா சேட்டை."