ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சி

"கேட்டியா ருக்கு? நாய்க்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வேலையை விட்டு நிறுத்திட்டா மாடி வீட்டு வத்சலா!"

தில்லி லக்ஷ்மிபாய் நகர் பால் பூத் வரிசையில் காலை ஆறு மணிக்கே சேதி வந்துவிட்டது. கொண்டு வந்தவள் விசாலாக்ஷி மாமி.

"யாரை, நம்ம வள்ளியையா?"

"அவளேதான். அஞ்சு மாசம். மதராசி கேம்ப்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வரா, பாவம்."

"என்ன தப்பு பண்ணினாளாம்?"

"தப்பாவது! திங்கக்கிழமை வத்சலாவோட நாய் பிங்கிக்குக் குட்டி கலைஞ்சு போச்சு. இன்னும் பத்து நாள்ல பிரசவம்னு இருந்ததாம். அத்தனையையும் வெறுங்கையால வாரி, அலம்பி விட்டது வள்ளி. மறுநாள் வந்தா, 'இனிமே நீ வராதே'ங்கறா."

"ஏனாம்?"

"எனக்குத் தெரியாதா? ஒரே ஆத்துல ரெண்டு பிள்ளைத்தாய்ச்சி இருந்தா ஒண்ணு தங்காதும்பா. வள்ளியாலதான் குட்டி போச்சுன்னு நெனைச்சுட்டா."

"எம்.ஏ. படிச்சவ மாமி அவ!"

"படிச்சா என்ன? பால் மெஷின்ல டோக்கனைப் போடு, பின்னால கத்தறா."

அந்த பிளாக்கில் வள்ளிக்கு ஆறு வீடு. இப்போது ஐந்து.

அன்று விசாலாக்ஷி மாமி வீட்டு முற்றத்தில் பாத்திரம் உருண்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"அதெல்லாம் ஒரு பொம்பளையாம்மா? நாயி சோபாவுல, நான் வாசப்படியில! அது கையால இனி ஒரு வாய்த் தண்ணி வாங்குனா நான் வள்ளி இல்ல!"

"நன்னா கேளுடி!" என்று மாமி டம்ளரை நீட்டினாள். நல்ல வசவாக வந்தால் காபி இன்னும் ஒரு வாய் கூடுதலாகவே விழுந்தது.

காபி ஆனதும் மாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

வத்சலா பாதிக் கதவைத்தான் திறந்தாள். கையில் ரப்பர் உறை. உள்ளேயிருந்து பினாயில் நெடி.

"ஏண்டி வத்சலா, இப்படி நீயே மண்டி போட்டுத் தேய்க்கறதுக்கு அவளை வெச்சுண்டிருக்கக் கூடாதோ?"

"எங்க ஆத்துக்கு அவ வேண்டாம் மாமி."

"அதான் ஏன்னு கேக்கறேன். அவளுக்கு ஏதாவது சீக்கா? இருந்தா சொல்லிடு, நாங்களும் இன்னிக்கே நிறுத்திடறோம். போன வருஷம் செல்வின்னு ஒருத்தி வந்துண்டிருந்தாளே, ஞாபகம் இருக்கோன்னோ? காமாலை என்னமோ அவ புருஷனுக்குத்தான். ஆனா அரை நாள்ல ஆறு வீட்டுலேயும் நிறுத்திட்டோம். குழந்தை குட்டி இருக்கிற இடமாச்சே!"

வத்சலா ரப்பர் உறையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லை மாமி. அவளைக் கண்டா பிங்கிக்குப் பிடிக்கலை. போறுமா?"

"நாய்க்குப் பிடிக்கலையாம்! பகவானே!"

மாமி கீழே இறங்கி வருவதற்குள் மூன்று வீட்டுக்கு இது தெரிந்துவிட்டது. சாயங்காலம் குழந்தையைக் கூப்பிட வத்சலா பார்க்குக்குப் போனபோது பெஞ்சில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நகர்ந்து இடம் கொடுக்க யாரும் இல்லை.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், நாய் டாக்டர் சிவஞானம் ஒரு கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்கம்மா. பிங்கியோட ரத்தத்துல தெளிஞ்ச நீர் ஒரு சொட்டு, இந்த மருந்து ஒரு சொட்டு. கலந்தா பால் மாதிரியே இருக்கணும். இது திரிஞ்சு போயிருக்கு."

"அப்படின்னா?"

"புருசெல்லான்னு ஒரு கிருமி. குட்டி கலைஞ்சதுக்கு அதுதான் காரணமா இருக்கணும். ஆனா இந்த டெஸ்ட் சமயத்துல பொய்யும் சொல்லும். அதனால பெரிய லேபுக்கும் அனுப்பியிருக்கேன். அதுவரைக்கும் பிங்கி தனியாவே இருக்கட்டும். கலைஞ்ச அன்னிக்கே சந்தேகப்பட்டுத்தானே சொன்னேன், புள்ளத்தாச்சி யாரும் கிட்டவே வரக்கூடாதுன்னு?"

"பிங்கி இருக்கட்டும் டாக்டர். இவளுக்கு?" வத்சலா பின்னால் கைகாட்டினாள்.

டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டைப் பிரித்தார்.

"இவங்க ரத்தத்துல இப்போதைக்கு ஒண்ணுமில்ல. அடுத்த மாசம் இன்னொரு தடவை பார்த்துடணும். நடுவுல காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும். வேலைக்குப் போகலாம், பயமில்ல. மனுஷங்ககிட்டேருந்து இன்னொருத்தருக்கு இப்படி ஒட்டிக்கிற வியாதி இல்ல இது."

"அது உங்களுக்குத் தெரியறது. எங்க பிளாக்குக்குத் தெரியாதே!"

சுவரோரத்து பெஞ்சிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள் வள்ளி.

"பத்து நாளா நீங்க சொன்னபடியே உங்களைத் திட்டுறேம்மா. நாக்கு கூசுது. உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

"சொல்லு. செல்விக்கு ஆனதுதான் உனக்கும், மிச்சம் அஞ்சு வீடும் போயிடும்." வத்சலா பையை எடுத்துக்கொண்டாள். "விசாலாக்ஷி மாமி இன்னும் காரணம் தேடிண்டிருக்கா. திங்கக்கிழமை கொஞ்சம் உரக்கத் திட்டு."