சோறு பொங்காத தெருக்கள்

"முந்நூறு வீடு சார்! ஒரு வீட்டிலாவது உலை வெச்சிருக்கணுமே? ஒருத்தர்கூட வைக்கலை!"

மேசையைத் தட்டினார் டாக்டர் விக்டர். எட்டு வருடம் லண்டனில் படித்த சமூகவியல் நிபுணர். அரிசிக்கு நாடே அல்லாடிய 1965-இல், ஸ்ரீரங்கத்துக்கு எவ்வளவு ரேஷன் அரிசி விடலாம் என்று யோசனை சொல்ல, திருச்சி உணவுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் வரவழைத்த சுதந்திரமான நிபுணர்.

"அப்போ பாதியாக் குறைச்சிடலாங்கறீங்க," என்றார் அதிகாரி வரதன், பவ்யமாக.

"நான் சொல்லலை. புள்ளிவிவரம் சொல்லுது."

குமாஸ்தா அழகிரி குறுக்கிட்டார். நாலு குழந்தைகளோடு ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர். இப்போது கிடைக்கிற அரிசியே இருபது நாளைக்குத்தான் வருகிறது.

"நான் அங்கேதான் சார் இருக்கேன். விடியறதுக்குள்ள ரேஷன் கடையில கியூ நிக்குது. சோறு திங்காதவங்க எதுக்கு நிக்கறாங்க?"

"வாங்கி வெளியில விக்கத்தான்!" நிபுணர் சிரித்தார். "நான் கேட்டது ஒரே கேள்வி. இன்னைக்குச் சோறு பொங்கினீங்களா? ஆமா, இல்லை, அவ்வளவுதான். காரணம் சொல்ல வந்தவங்களைக்கூட நிறுத்திட்டேன். ஃபாரத்துல அதுக்கு இடமே கிடையாது."

இதைக் கற்றுக்கொள்ளத்தான் கப்பல் ஏறிப் போயிருக்கிறார்!

"எங்க தெருவுக்கு நீங்க வரவே இல்லையே சார்?"

"ஆபீஸ் கொடுத்த லிஸ்ட்படி கோயிலைச் சுத்தின தெருவுக்குப் போனேன். ஆனா ஆபீஸ் ஜீப்புல ஏறலை. ஆபீஸ் காபியைத் தொடலை. சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி பஸ்ஸுல போனேன். சுதந்திரம்னா அதுதான்!"

இன்றைக்கும் காபியைத் தொடாமலே கிளம்பிப் போனார் அந்த உத்தமர்.

அழகிரி எரிச்சலோடு அறிக்கையைப் புரட்டினார். கணக்கெடுத்த தேதியைப் பார்த்ததும் விரல் நின்றது. சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் ஓடினார்.

"சார்! இந்தப் பன்னண்டாம் தேதி ஏகாதசி சார்! கோயிலைச் சுத்தி அத்தனை வீடும் விரதம். யாரு உலை வைப்பாங்க? அந்த மனுஷனை உடனே திரும்பக் கூப்பிடணும்!"

வரதன் அரிசிக் குறைப்பு ஆணையில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார்.

"உட்காருய்யா. குறைக்கச் சொல்லி மேலேருந்து உத்தரவு வந்தே ஒரு மாசமாச்சு. பழியை யார் தலையிலயாவது போடணும்ல? அன்னைக்கு நானும் விரதம்தான். அவருக்குத் தேதி குறிச்சுக் கொடுத்ததே நான்தானே!"